தவளையின் சிரை சுருங்குவது எப்படி?



என் பாட்டியின் கால்களில் நீல நிறக் கோடுகள் புடைத்துத் தெரியும். “நரம்பு சுருட்டிக்கொண்டது” என்பார். உண்மையில் அவை நரம்புகள் அல்ல. இரத்தத்தை இதயத்திற்குத் திருப்பிக் கொண்டுவரும் சிரைகள். சிரை வெறும் குழாய்தானே என்று நானும் எண்ணியிருந்தேன். தவளையின் இரத்த ஓட்டத்தைப் படித்தபோதுதான் உண்மை புரிந்தது.

தவளையின் பெருஞ்சிரைகள் ‘சிரைப்பை’ என்னும் மெல்லிய அறையில் இரத்தத்தைக் கொண்டு சேர்க்கின்றன. நுண்குழாய்களைக் கடந்து வரும் இரத்தத்தில் இதயம் தந்த அழுத்தம் பெரிதும் குறைந்துவிடும். அதனை முன்னே செலுத்தச் சிரையின் சுவரும் உதவுகிறது. அச்சுவரில் வரியற்ற தசை உள்ளது. இதன் செல்கள் கதிர் வடிவானவை. ஒவ்வொன்றிலும் ஓர் உட்கரு உண்டு. இத்தசை நம் விருப்பப்படி இயங்குவதன்று.

இது சுருங்குவது எவ்வாறு? பரிவு நரம்பின் முனையிலிருந்து அட்ரினலின் சுரக்கிறது. உடனே தசைச் செல்லினுள் கால்சியம் அயனிகள் பெருகுகின்றன. அவை கால்மாடுலின் என்னும் புரதத்துடன் இணைந்து ஒரு நொதியைத் தூண்டுகின்றன. அந்நொதி மயோசின் இழையில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. இப்போது மயோசின், ஆக்டின் இழையைப் பற்றி இழுக்கிறது. செல் குறுகுகிறது, சிரை ஒடுங்குகிறது, இரத்தம் இதயத்தை நோக்கி நகர்கிறது. கால்சியம் வெளியேற்றப்பட்டு, பாஸ்பேட் நீங்கியதும் தசை தளர்கிறது. கைத்தசையைப் போல இது விரைந்து சுருங்காது. ஆனால் குறைந்த ஆற்றலில் நெடுநேரம் சுருங்கியே இருக்கும்.

தசைக்குக் கால்சியம் தேவை என்பதைக் காட்டித் தந்ததும் தவளையே! லண்டனில் சிட்னி ரிங்கர் என்னும் மருத்துவர், குழாய் நீரில் செய்த உப்புக் கரைசலில் தவளையின் இதயம் நன்கு துடிக்கக் கண்டார். காய்ச்சி வடித்த நீரில் கரைசல் செய்தபோதோ துடிப்பு தளர்ந்து நின்றது. குழாய் நீரில் இருந்த கால்சியமே காரணம் என்று 1883-இல் அவர் வெளியிட்டார்.

நம் சிரைகளிலும் இத்தகைய தசையே உள்ளது. சிரையின் சுவர் தளர்ந்து, உள்ளிருக்கும் வால்வுகளும் பழுதானால் இரத்தம் கால்களில் தேங்கும். பாட்டியின் துன்பம் அதுவே. இப்போது மாலைதோறும் அவர் கால்களைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கிறேன். “இது நரம்பு அல்ல பாட்டி, சிரை” என்றால், “எதுவானால் என்ன, வலி குறைகிறதே!” என்று சிரிக்கிறார்.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி