லப்-டப்புக்கு நடுவே ஓர் இரைச்சல்: இதய வால்வு நோயை ஓசை காட்டிக்கொடுப்பது எப்படி?

படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முன்பு போல நடக்க முடியவில்லை என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று பலரும் விட்டுவிடுகிறோம். அந்த மூச்சுத் திணறலுக்கு இதய வால்வில் உள்ள கோளாறும் காரணமாக இருக்கலாம். அதைக் கண்டறியும் முதல் சோதனைக்கு ஊசியும் தேவையில்லை, பெரிய இயந்திரமும் தேவையில்லை. நெஞ்சில் சில நிமிடங்கள் வைத்துக் கேட்கும் ஸ்டெத்தாஸ்கோப் போதும்.

இப்போது அந்த ஓசையைக் கணினியும் கேட்கத் தொடங்கியிருக்கிறது. மின்னணு ஸ்டெத்தாஸ்கோப் பதிவு செய்யும் ஒலியை அது ஆராயும் விதமும், வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு கலவையைப் பிரித்துப் பார்க்கும் விதமும் ஏறக்குறைய ஒன்றுதான். அது எப்படி நடக்கிறது, அதன் முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்ப்போம்.

நான்கு கதவுகள், இரண்டு ஓசைகள்

நம் இதயம் ஒரு நாளில் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. அதற்குள் இருக்கும் நான்கு வால்வுகளும் ஒருவழிக் கதவுகளைப் போன்றவை. இரத்தத்தை முன்னோக்கி விடும். பின்னால் திரும்ப விடாது. மைட்ரல், ட்ரைகஸ்பிட் என்ற இரண்டு வால்வுகள் மூடும்போது 'லப்' என்ற முதல் ஓசை எழுகிறது. அயோர்டிக், பல்மனரி என்ற மற்ற இரண்டும் மூடும்போது 'டப்' என்ற இரண்டாவது ஓசை எழுகிறது.

இந்த இரண்டு ஓசைகளுக்கும் இடையில் பொதுவாக அமைதி நிலவும். வால்வு சரியாகத் திறக்காமல் சுருங்கிப்போனாலும், சரியாக மூடாமல் கசிந்தாலும் இரத்தம் சுழன்று பாயும். குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் சீறுவதைப் போல அங்கே ஓர் இரைச்சல் கேட்கும். மருத்துவர்கள் இதை 'மர்மர்' என்கிறார்கள்.

அந்த இரைச்சல் எப்போது வருகிறது, எங்கே கேட்கிறது என்பதில்தான் துப்பு இருக்கிறது. அயோர்டிக் வால்வு சுருங்கியிருந்தால், லப்புக்கும் டப்புக்கும் இடையில் கரகரப்பான ஓசை எழுந்து கழுத்து வரை பரவும். மைட்ரல் வால்வு கசிந்தால் அதே இடைவெளியில் வரும் இரைச்சல் இடது அக்குள் பக்கம் கேட்கும். மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தாலோ, டப்புக்குப் பிறகு தொலைவில் இடி உருளுவதைப் போன்ற தாழ்ந்த ஓசை வரும். அனுபவம் இல்லாத காதுக்கு இது எளிதில் சிக்காது.

பாரிசில் ரெனே லென்னெக் என்ற மருத்துவர் 1816-ஆம் ஆண்டில் காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி ஒரு நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். ஸ்டெத்தாஸ்கோப் பிறந்த கதை அதுதான். இருநூறு ஆண்டுகள் கடந்தும் ஒரு சிக்கல் அப்படியே இருக்கிறது. இதய ஓசைகளின் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது. மனிதக் காது கூர்மையாகக் கேட்காத பகுதியும் அதுவே.

மிருதங்கத்திலிருந்து ஆய்வுக்கூடம் வரை

கணினி முதலில் பதிவான ஒலியை லப், டப், இடைவெளி எனத் துண்டு துண்டாக வெட்டுகிறது. பிறகு ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று பிரிக்கிறது. இந்தக் கணக்குக்குப் பிரெஞ்சு அறிஞர் ஜோசப் ஃபூரியேயின் பெயரால் ஃபூரியே உருமாற்றம் என்று பெயர். அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி ஓர் எண்ணெயில் என்ன கலந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேதியியல் கருவிகளும் இதே கணக்கைத்தான் பயன்படுத்துகின்றன.

ஒலியையும் ஒளியையும் இப்படிக் கூறுகளாகப் பார்ப்பதில் நமக்கு நெருக்கமான ஒரு பெயரும் உண்டு. திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன், மிருதங்கத்தின் நடுவில் உள்ள கறுப்புப் பூச்சு அதன் நாதத்தை எப்படிச் சுருதியோடு சேர்க்கிறது என்பதைப் பற்றி 1920-இல் ஆய்வுக் குறிப்பு வெளியிட்டவர்களில் ஒருவர். 1928-இல் அவர் கண்டறிந்த ராமன் விளைவு இன்று உலகெங்கும் வேதிப்பொருள்களை அடையாளம் காண உதவுகிறது. அதற்காக 1930-இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

பிரித்தெடுத்தால் மட்டும் போதாது. ஒரு பதிவிலிருந்து நூற்றுக்கணக்கான எண்கள் கிடைக்கும். அவற்றில் நோயைக் காட்டுபவை எவை என்று கணினிக்குப் பழக்க வேண்டும். நல்ல எண்ணெய், கலப்பட எண்ணெய் என விடை தெரிந்த மாதிரிகளைக் காட்டி வேதியியல் கருவியைப் பழக்குவதைப் போல, நலமான இதயம், நோயுற்ற இதயம் என விடை தெரிந்த பதிவுகளைக் கணினிக்குக் கொடுக்கிறார்கள். 2016-இல் ஃபிசியோநெட் என்ற ஆய்வுத் தளம் நடத்திய அனைத்துலகப் போட்டியில், இதற்காக 3,126 இதய ஒலிப் பதிவுகள் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன.

மெட்ரோலாக் சொல்லும் பாடம்

கணினி தரும் முடிவை எவ்வளவு நம்பலாம்? ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம்.

பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அறிய, தண்ணீர் கலந்த பாலில் மெட்ரோலாக் என்ற மிதவையை விடுவார்கள். அது அமிழும் ஆழத்தை வைத்து உடனே ஓர் எண் கிடைக்கும். பாலில் வேறு பொருள் கலந்திருந்தால் அந்த எண் தவறலாம். சரியான அளவு வேண்டுமானால், பாலை ஆசிட் விட்டு உறைய வைத்து, மெல்லிய தாளாக அழுத்தி, சூட்டடுப்பில் காய வைத்து நிறுக்க வேண்டும். இதற்கு நேரம் பிடிக்கும். ஆனால் கணக்கு சரியாக இருக்கும்.

ஸ்டெத்தாஸ்கோப்பும் அதைக் கேட்கும் கணினியும் மெட்ரோலாக் மாதிரி. எக்கோ எனப்படும் இதய ஸ்கேன் சூட்டடுப்பு மாதிரி. வால்வு எவ்வளவு திறக்கிறது, எவ்வளவு கசிகிறது என்பதை எக்கோதான் கண்ணால் பார்க்கும்படி காட்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 பிள்ளைகளில் 10 பேருக்கு வால்வு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கருவி அந்த 10 பேரில் 9 பேரைப் பிடிக்கிறது. நலமாக உள்ள 990 பேரில் நூற்றுக்குப் பத்துப் பேர் வீதம் தவறாகச் சந்தேகிக்கிறது. அப்படியானால் மொத்தம் 108 பேர் எக்கோவுக்கு அனுப்பப்படுவார்கள். அவர்களில் 9 பேருக்குத்தான் உண்மையில் நோய் இருக்கும். நோயுள்ள ஒருவர் "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்குப் போய்விடுவார்.

இதில் இரண்டு செய்திகள் உள்ளன. பிள்ளையின் நெஞ்சில் இரைச்சல் இருப்பதாகச் சொன்னதும் பெற்றோர் பயந்துவிடக் கூடாது. நலமான பிள்ளைகள் பலருக்கும் தீங்கில்லாத மர்மர் இருப்பதுண்டு; காய்ச்சலிலும் இரத்தசோகையிலும் கூட அது கேட்கும். மறுபுறம், இரைச்சல் கேட்கவில்லை என்பதால் எல்லாம் சரி என்றும் சொல்ல முடியாது. வால்வு மிக மோசமாகச் சுருங்கி இதயமும் பலவீனமாகிவிட்டால், இரத்த ஓட்டம் குறைந்து இரைச்சலும் தணிந்துவிடலாம்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

பிள்ளைகளுக்கு, குறிப்பாக 5 முதல் 15 வயது வரை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டை வலியைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. சிகிச்சை இல்லாமல் விட்டால், சில வாரங்கள் கழித்து சிலருக்கு ருமேட்டிக் காய்ச்சல் வரும். மூட்டுக்கு மூட்டு வலி மாறி மாறி வருவது அதன் ஓர் அறிகுறி. அது வால்வுகளைத் தாக்கி நிரந்தர வடுவை விட்டுச் செல்லக்கூடும். அண்மையில் அந்தக் கிருமி உடலில் இருந்ததா என்பதை இரத்தப் பரிசோதனையில் கண்டறியலாம். ருமேட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி பல ஆண்டுகளுக்குத் தொடரும். பிள்ளை நன்றாக ஓடி ஆடுகிறது என்பதற்காக அதை நிறுத்திவிடக் கூடாது.

கர்ப்பிணிகளின் உடலில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதியளவு வரை கூடும். அதுவரை வெளியே தெரியாமல் இருந்த மைட்ரல் வால்வுச் சுருக்கம் அப்போதுதான் மூச்சுத் திணறலாக வெளிப்படும். படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்தால்தான் நிம்மதி என்றால், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

முதியவர்களுக்கு அயோர்டிக் வால்வில் சுண்ணாம்புச் சத்து படிந்து அது இறுகிவிடும். நடக்கும்போது மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, மயக்கம் ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகள். கடுமையான சுருக்கத்தில் இவை தோன்றிய பிறகும் சிகிச்சை பெறாவிட்டால், சில ஆண்டுகளிலேயே உயிருக்கு ஆபத்தாகும். இன்று நெஞ்சைத் திறக்காமல் தொடை இரத்தக்குழாய் வழியாகவே செயற்கை வால்வைப் பொருத்தும் சிகிச்சை கோலாலம்பூரில் உள்ள தேசிய இருதயக் கழகமான ஐஜேஎன்-னிலும் செய்யப்படுகிறது. வயதாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று நாமே முடிவு கட்டிவிட வேண்டாம்.

கிளினிக்கில் என்ன கேட்கலாம்?

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மலேசியக் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட்தான். இரத்த அழுத்தத்துக்கும் இனிப்பு நீருக்கும் மருந்து வாங்கப் போகும் நாளிலேயே, மூச்சு வாங்குவதைப் பற்றியும் சொல்லி, "டாக்டர், நெஞ்சு சத்தத்தையும் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள்" என்று கேட்கலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மர்மர் இருக்கிறது என்று சொன்னால், எக்கோ எடுக்க வேண்டுமா, எப்போது, எந்த மருத்துவமனையில் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பரிந்துரைக் கடிதம் கொடுத்தால் அதை அலமாரியில் வைத்துவிடாமல் குறித்த நாளில் போய்விடுங்கள். பேருந்து வசதி குறைந்த தோட்டங்களில் இருக்கும் பெரியவர்களுக்கு அந்த ஒரு நாள் பயணமே பெரிய தடை. அன்று அவர்களைக் காரில் அழைத்துச் செல்ல ஒருவர் முன்வந்தால், கருவி எழுப்பிய சந்தேகத்துக்கு விடையும் கிடைக்கும், தேவைப்பட்டால் சிகிச்சையும் நேரத்தில் தொடங்கும்.