உஷார்! சப்பரத்தின் உச்சியைப் பாருங்கள்

காஞ்சிபுரம் செவிலிமேட்டுக்காரர்களே, உங்கள் தெருவுக்குப் புதுசாகத் தார் போட்டிருக்கிறார்களா? அதே தெருவில் இந்த வருஷமும் சாமி புறப்பாடு உண்டா? அப்படியென்றால் உஷார்!

2022 ஏப்ரல் 27, விடியற்காலை. தஞ்சாவூர் பக்கம் களிமேடு. அப்பர் சதய விழாச் சப்பரம் தெருவில் திரும்பும்போது உச்சி அலங்காரம் உயரழுத்த மின்கம்பியில் பட்டது. 11 பேர் செத்துப்போனார்கள். அதில் சிறுவர்களும் உண்டு.

இழுத்தவர்கள் அண்ணாந்து பார்க்கவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். எனக்குப் பயமே அந்த ஒரு வரிதான். அது அடுத்த ஊரைக் காப்பாற்றாது.

காரணங்களை முழுசாகத் தேட, டென்மார்க் ஆய்வாளர் யென்ஸ் ராஸ்முசன் 1997-ல் ‘ஆக்சிமேப்’ என்ற முறையை எழுதிவைத்தார். ஒரு தாளில் அடியில் விபத்து நடந்த இடம். அதற்கு மேல் அங்கே வேலை செய்தவர்கள், அவர்களுக்கு மேல் மேற்பார்வையாளர்கள், துறைகள், உச்சியில் அரசு. ஒவ்வொரு தட்டிலும் எடுத்த முடிவு கீழே என்ன செய்தது என்று கோடு இழுத்துக்கொண்டே போக வேண்டும். நம் நெசவாளர் செய்வதும் இதுதானே? சேலையில் புட்டா பிசகினால் பிசகின இடத்தையே முறைத்துக்கொண்டிருக்க மாட்டார், ஜக்கார்டு அட்டைவரை ஏறிப் பார்ப்பார்.

களிமேட்டை அந்தத் தாளில் வையுங்கள். புதுசாகப் போட்டதில் சாலை உயர்ந்திருந்தது. சப்பரம் கம்பியைத் தொடாது என்ற நினைப்பில் மின்சாரத்தை நிறுத்தவில்லை. இன்னும் மேலே போங்கள்: பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டிருந்தார்! சாலை போட்டவருக்குச் சப்பரம் நினைவில் இல்லை. சப்பரம் கட்டியவருக்குச் சாலை நினைவில் இல்லை. தெருவில் தண்ணீர் தேங்கியிருந்ததால் ஐம்பது பேர்வரை விலகி நின்றதாகச் செய்தி வந்தது. இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

மயிரிழையில் தப்பிய சம்பவங்களையும் விடக் கூடாது. ஒடிசா பாலசோர் ரயில் விபத்து சிக்னல் வயரிங் தவறால் நடந்தது 2023 ஜூன் 2. அதற்கு முந்தைய வருஷமே பாங்க்ராநயாபாஸ் நிலையத்தில் இதேபோல் வயரிங் கோளாறு. அதை அப்போதே சரியாகக் கவனித்திருந்தால் பாலசோர் விபத்து நடந்திருக்காது என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கையே சொன்னது. போன வருஷம் உங்கள் சப்பரம் கம்பியை உரசுகிற மாதிரி போனதா? கம்பியைக் கொம்பால் தூக்கிவிட்டுக் கடந்தீர்களா? அதுவே எச்சரிக்கை.

சித்ரா பௌர்ணமிக்குக் காஞ்சி வரதராஜப் பெருமாள் செவிலிமேடு வழியாகத்தான் ஐயங்கார்குளம் நடவாவிக் கிணற்றுக்குப் போகிறார். அந்த மாதிரிப் பெரிய புறப்பாட்டைக் கவனிக்கப் பல பேர் உண்டு. சந்துக்குள் இளைஞர்கள் கட்டும் சின்னச் சப்பரம்தான் என்னைத் தூங்கவிடாது.

சாலை மட்டத்திலிருந்து அலங்கார உச்சிவரை அளந்து எழுதிவையுங்கள். கம்பியின் உயரத்தை மட்டும் நீங்களே கழி வைத்து அளக்காதீர்கள். உயரழுத்தக் கம்பிக்குப் பக்கத்தில் போனாலே, தொடாமலும் மின்சாரம் பாயலாம். மின்வாரியத்தை அழைத்து அளக்கச் சொல்லுங்கள். புறப்பாடு நாளையும் நேரத்தையும் இளநிலைப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. மின்சாரம் நிறுத்தியாயிற்று என்று அவர்கள் வாயால் சொன்ன பிறகுதான் சப்பரம் தெருவுக்கு வர வேண்டும்.