மணமுறிவு வழக்கில் மனைவியின் வழக்குச் செலவு

மணமுறிவு வழக்கு நீதிமன்றத்தை எட்டியதும், தன் வழக்கறிஞர் கட்டணத்தைக் கணவனே தர வேண்டுமென மனைவி மனுச் செய்வதுண்டு. இதைக் கேள்வியுறும் சபையார் பலர் முகஞ்சுளிக்கின்றனர். ‘கணவன் மீதே வழக்கு; செலவும் அவன் தலையிலா?’ என்பர். ஆயர்களிற் சிலரும் அவ்வாறு எண்ணக்கூடும். எனினும் இந்நெறியின் தோற்றத்தையும் நோக்கத்தையும் அறிந்தோர்க்கு அவ்வெண்ணம் நிலைநில்லாது.

இந்நெறி இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றங்களில் வளர்ந்தது என்பது நாம் முதலாவது கருதத்தக்கது. அந்நாட்டின் பழைய சட்டப்படி, திருமணத்தோடு பெண்ணின் அசையும் பொருளும் வருவாயும் கணவன் வசமாயின. அங்ஙனமாயின் அவனுக்கு எதிராக வழக்குரைக்க அவளுக்குப் பணம் ஏது? எனவே அவளது செலவையும் கணவனே ஏற்க வேண்டுமெனத் திருச்சபை நீதிபதிகள் கட்டளையிட்டனர். 1857ஆம் ஆண்டுச் சட்டம் திருமண வழக்குகளை அரசின் புதிய நீதிமன்றத்திற்கு மாற்றியபோது, இந்நெறியும் உடன் சென்றது.

நம் நாட்டுக் கிறிஸ்தவர்க்குரிய 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, வழக்கு நடைபெறும் காலத்தில் மனைவிக்கு ஜீவனாம்சம் வழங்க வகை செய்தது. ஆனால் அத்தொகை, கணவனின் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்ற வரம்பும் இருந்தது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வரம்பை நீக்கியது. ‘வழக்கின் செலவு’ என்பதை வெளிப்படையாகச் சேர்த்தது. கூடியமட்டும் மனு கணவனுக்குச் சார்வு செய்யப்பட்ட 60 நாட்களுக்குள் அதனை முடிக்க வேண்டுமென்றும் விதித்தது.

இங்கு இரு கருத்துக்கள் தெளிவாக வேண்டும். ஒன்று, வழக்கைத் தொடுத்தவர் கணவனாயினும் மனைவியாயினும் அவள் இம்மனுவைச் செய்யலாம். மற்றொன்று, இவ்வாணை குற்றத்தீர்ப்பு அன்று. கணவன் தவறினான் என்றோ மனைவி மாசற்றவள் என்றோ அது கூறுவதில்லை. இருவரும் சமமாக நின்று வழக்குரைக்க வழி செய்வதே அதன் பணி. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவோ, போதிய தனிவருவாய் இல்லாத கணவனுக்கும் இவ்வுரிமையை அளிக்கிறது. இம்மனுவின் அடிப்படை பாலன்று, இல்லாமையே என்பது இதனால் விளங்கும். நம் சட்டம் இன்றும் மனைவியை மட்டுமே குறிப்பிடுகிறது.

ஆயர் செய்யத்தக்கது என்ன? வழக்கு நடத்தப் பணமின்மையால், மனமொவ்வாத உடன்பாட்டில் ஒரு பெண் கையொப்பமிட நேரின், அதனை ஒப்புரவு என்று நாம் கூறலாகாது. அவ்வேளையில் ‘சமாதானமாகப் போங்கள்’ என்னும் அறிவுரை வலியவர் பக்கமே சாயும். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருவாய் எவ்வளவாயினும் பெண்கள் இலவச சட்ட உதவி பெறலாம் என்பதை அவளுக்கு அறிவிக்கலாம். வருவாய், சொத்து, கடன் ஆகியவற்றை இரு தரப்பாரும் பிரமாணப் பத்திரத்தில் வெளிப்படுத்த வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் நெறி வகுத்துள்ளது. ஆகவே உண்மையை மறையாது உரைக்கும்படி இருவரையும் ஆயர் தூண்டலாம்.

லூக்கா 18இல் நாம் காணும் விதவை அநீதியுள்ள நீதிபதியிடம் திரும்பத் திரும்பச் சென்றாள். அவளிடம் இருந்தது விடாமுயற்சி ஒன்றே. நம் சபையின் பெண்களுக்கு அதுவே எஞ்சியிருக்குமாறு நாம் விட்டுவிடலாமா?