செல்போனில் நல்ல படம் எடுப்பது எப்படி?



போன ஆவணி மாதம் எங்க குலதெய்வக் கோயிலில் என் தங்கச்சிப் பாப்பாவுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினோம். அப்பா சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாங்க. லீவு கிடைக்கவில்லை. “நீ எடுக்குற படத்துலதாம்மா நான் பாக்கணும்” என்று போனில் சொன்னாங்க. நானும் 112 படம் எடுத்துத் தள்ளினேன். ராத்திரி அப்பா கூப்பிட்டு, “எல்லாம் நல்லாருக்கு. பாப்பா முகம் தெரியிற மாதிரி ஒண்ணு இருந்தா அனுப்பேன்” என்றாங்க. தேடிப் பார்த்தேன். ஒண்ணுகூட இல்லை! மாமா மடியில் பாப்பா கருப்பு நிழல் மாதிரி இருந்தாள். ஆசாரி காது குத்துற படம் முழுக்கக் கலங்கல். காதுகுத்து என்ன, மறுபடியும் வைக்கிற விசேஷமா?

அதுக்கப்புறம் எங்க ஊர் ஸ்டூடியோ அண்ணனிடம் படங்களைக் காட்டி, எங்கே தப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் சொன்னதையும், நானே வீட்டில் எடுத்துப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் லென்ஸைத் துடைங்க

நாம் போனைப் பிடிக்கும்போது விரலில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு லென்ஸில் ஒட்டிக்கொள்கிறது. படத்தில் விளக்கைச் சுற்றிப் புகை மாதிரி வெளிச்சம் பரவியிருந்தால் லென்ஸ் அழுக்கு என்று அர்த்தம். மெத்தென்ற பருத்தித் துணியால் லேசாகத் துடைத்தாலே போதும். மணல் ஒட்டியிருந்தால் முதலில் ஊதிவிட்டுத் துடைக்கணும், இல்லேன்னா கீறல் விழும்.

2. வெளிச்சம் எங்கிருந்து வருது?

மாமா மண்டபத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். பின்னாடி சுள்ளென்று வெயில். கேமராவுக்கு இது பாப்பா, இது வானம் என்று எப்போதும் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மொத்த வெளிச்சத்தையும் கணக்குப் போட்டு, ரொம்ப அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். அதனால்தான் முகம் கருத்துப்போகிறது.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி ஆளைத் திருப்பி உட்கார வைக்கலாம். முடியாவிட்டால், திரையில் முகம் இருக்கிற இடத்தை விரலால் தொடுங்க. கேமரா அந்த முகத்துக்கு ஃபோகஸ் செய்து, வெளிச்சத்தையும் கூட்டிக்கொள்ளும். உச்சி வெயிலில் எடுத்தால் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும். மரநிழலோ ஜன்னல் ஓரமோ நல்லது. காலை வெயிலும் மாலை வெயிலும் மிக நல்லது.

3. ஏன் கலங்குது?

வெயிலில் கேமரா 1 நொடியில் 500-ல் ஒரு பங்கு நேரமே வெளிச்சத்தை வாங்கினாலும் போதும். இருட்டில் அதுவே 15-ல் ஒரு பங்கு வரை நீளும். அதற்குள் பாப்பா தலையை ஆட்டிவிட்டாலோ, நம் கை நடுங்கினாலோ படம் கலங்கிவிடும். முழங்கைகளை உடம்போடு ஒட்டி, இரண்டு கையாலும் பிடிங்க. தூண் இருந்தால் சாய்ந்துகொள்ளுங்க. ஓடியாடும் குழந்தை என்றால் வெளிச்சத்துக்குக் கூட்டி வந்து, அடுத்தடுத்து நாலைந்து படம் எடுங்க. ஒன்றாவது தேறும்.

4. ஜூம் வேண்டாம், நடந்து போங்க

தனி ஜூம் லென்ஸ் இல்லாத போனில் ஜூம் செய்தால், அது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிசாக்கிக் காட்டும். அவ்வளவுதான். நான் கடைசி வரிசையிலிருந்து ஜூம் பண்ணி எடுத்ததெல்லாம் புள்ளி புள்ளியாக வந்தது. இரண்டடி முன்னாடி நடந்தால் செலவில்லாமல் நல்ல படம் கிடைக்கும். ஆனால் முகத்துக்கிட்டே ரொம்ப ஒட்டிப் போனால் மூக்கு மட்டும் பெரிசாகத் தெரியும். நாலைந்து அடி தள்ளி நிற்பதே சரி.

5. உட்காருங்க, பின்னாடியும் பாருங்க

குழந்தையை நின்றுகொண்டு எடுத்தால் மண்டைதான் தெரியும். அதன் கண் உயரத்துக்கு உட்கார்ந்து எடுங்க. தலைக்குப் பின்னாடி கரண்ட் கம்பமோ கொடிக்கயிறோ இருந்தால், தலையிலிருந்தே முளைத்த மாதிரி இருக்கும். ஒரு எட்டு நகர்ந்தால் சரியாகிவிடும்.

6. அனுப்பும்போது

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் அளவு குறைந்துவிடும். ஃபிரேம் போட வேண்டிய படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்க, முழுசாகப் போய்ச் சேரும்.

7. கேட்டுட்டு எடுங்க

யாரையும் அவங்களுக்குத் தெரியாமல் எடுக்காதீங்க. தோழியின் படத்தை அவளைக் கேட்காமல் இன்னொருத்தருக்கு அனுப்பாதீங்க. போன படத்தைத் திரும்ப வாங்கவே முடியாது.

உங்களுக்குத் தெரியுமா?

1997 ஜூன் 11 அன்று அமெரிக்காவில் பிலிப் கான் என்பவர், அன்று பிறந்த தன் மகளை டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்தார். கேமராவையும் மடிக்கணினியையும் செல்போனோடு இணைத்து, மருத்துவமனையிலிருந்தே 2,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அனுப்பினார். செல்போன் வழியாக இப்படிப் பலருக்கும் போன முதல் படமாக அதைத்தான் சொல்கிறார்கள். அதுவும் ஒரு பாப்பா படம்தான்! 2000-ல் ஜப்பானில் வந்த ஷார்ப் கேமரா போனில் வெறும் 1,10,000 புள்ளிகள்தான். எங்க வீட்டுப் போன் 50 மெகாபிக்சல், அதாவது 5 கோடி புள்ளி. இருந்தும் காதுகுத்து அன்றைக்குப் பாப்பா முகம் விழவில்லை. எனவே, “என் போன் சரியில்லை” என்று இனி யாரும் சொல்லாதீங்க!

கார்த்திகையில் பாப்பாவுக்கு முதல் பிறந்தநாள் வந்தது. காலை எட்டு மணிக்குத் திண்ணை நிழலில் அவளை உட்கார வைத்தோம். நான் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டேன். அம்மா என் பின்னாடி நின்று கிலுகிலுப்பையை ஆட்டினாங்க. ஒன்பது படம் எடுத்தேன், மூன்றாவது நன்றாக விழுந்தது. அதை மட்டும் அனுப்பினேன். அப்பா உடனே கூப்பிட்டாங்க. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “காதுல போட்ட தோடுகூடத் தெரியுதும்மா” என்றாங்க.

பள்ளிக்கு செல்போன் கொண்டுவரக் கூடாது என்பது நமக்குத் தெரியும். அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தாத்தாவையோ பாட்டியையோ ஜன்னல் ஓரம் உட்கார வைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்க. சந்தேகம் இருந்தால் மதிய இடைவேளையில் என்னிடம் கேளுங்க.

– பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி