முக்கோணச் சுழலி முடங்கியது ஏன்?

"பிஸ்டன் மேலே போகிறது, நிற்கிறது, கீழே வருகிறது, நிற்கிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை நின்று நின்று ஓடுவதும் ஒரு பொறியா? சுழல வேண்டியது சக்கரம்தானே, பொறியும் சுழன்றால் என்ன?" - இப்படிக் கேட்பவர்கள் இன்று நேற்று முளைத்தவர்கள் அல்லர். நீராவிக் காலத்திலேயே இருந்தார்கள். ஜேம்ஸ் வாட்டே கேட்டார்! 1769-இல் அவர் பெற்ற காப்புரிமையிலே சுழலும் நீராவிச் சக்கரம் பற்றிய குறிப்பு இருக்கிறது. ஆனால் அவருக்குப் புகழும் பொருளும் தேடித் தந்ததோ, மேலும் கீழும் போய் வந்த பிஸ்டன்தான்.

கேள்வி நல்ல கேள்வி. கேட்பவரைக் கேலி செய்யும் கூட்டத்தில் நாம் இல்லை. பழையது என்பதற்காகவே ஒன்றைப் பூசிக்காதே என்று ஊர் ஊராகச் சொல்பவர்கள் நாம். அதற்காகப் புதியது என்றவுடன் கற்பூரம் ஏற்றிவிடலாமா? பட்டறையிலே நம் தோழர் என்ஜினைக் கழற்றிப் போட்டுப் பார்ப்பதைப் போல, இதையும் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் அந்தக் குற்றச்சாட்டு. பிஸ்டன் நின்று திரும்புவதால் ஆற்றல் பாழாகிறதாம். எங்கே போகிறது? அதன் வேகத்தைக் குறைப்பது கிராங்க் ஷாப்ட். குறைக்கும்போது பிஸ்டனிடம் இருந்த ஆற்றலை வாங்கிப் பிளைவீலிடம் சேர்க்கிறது. பிஸ்டன் மறுபடி கிளம்பும்போது பிளைவீல் அதைத் திருப்பித் தருகிறது. இடக்கையில் கொடுத்து வலக்கையில் வாங்கும் கணக்கு! அதிர்வு உண்டு, உராய்வு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 'நிற்பதால் நட்டம்' என்பது மேடையிலே கைதட்டல் வாங்கும், மேசையிலே கணக்குப் போட்டால் நிற்காது. மேடையின் சுவை நமக்கும் தெரிந்ததுதானே!

இந்தக் கனவுக்கு உருவம் கொடுத்தவர்களில் முதல்வர் ஜெர்மனியின் பெலிக்ஸ் வாங்கெல். 1902-இல் பிறந்தவர், பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர், 1929-இல் தம் பொறிக்கு முதல் காப்புரிமை பெற்றவர். ஹிட்லரின் கட்சியிலே இருந்தவரும்கூட. அந்தக் கறையை மூடி மறைத்துத் துதி பாட நமக்கு மனமில்லை. அவருடைய பொறி மட்டும் நம் முன் நிற்கட்டும். நெக்கார்சுல்ம் ஊரிலிருந்த என்.எஸ்.யூ. தொழிற்சாலையில் அதன் முதல் மாதிரி 1957 பிப்ரவரியில் ஓடியது.

அழகான பொறிதான்! ஆட்டுக்கல்லிலே குழவி சுற்றுவதை எண்ணிப் பாருங்கள். இடுப்புச் சிறுத்த ஒரு கூட்டுக்குள், பக்கங்கள் புடைத்த முக்கோணச் சுழலி ஒன்று அப்படித்தான் சுற்றுகிறது. தண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் சுழலி ஒரு சுற்று. வால்வு கிடையாது, கேம் கிடையாது, கனெக்டிங் ராடு கிடையாது. உருவமோ சிறியது, ஓட்டமோ வழவழப்பு. பார்த்தவர்கள் மயங்கியதிலே வியப்பென்ன?

மயக்கத்தைத் தெளிவித்தது ஒரு சிறு தகடு.

கைப்பம்பு அடித்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். உள்ளேயிருக்கும் தோல் வாஷர் தேய்ந்தால், கை வலிக்க அடித்தாலும் தண்ணீர் ஏறாது. என்ஜினுக்கு வாஷர், பிஸ்டன் ரிங். சிலிண்டர் வட்டம், ரிங்கும் வட்டம். வட்டத்துக்குள் வட்டம் சுற்றளவு முழுதும் ஒட்டி உட்காரும், ஓட ஓடப் பதமாகும். வட்டத்தைத் துல்லியமாகக் குடைய எல்லாப் பட்டறைக்கும் தெரியும். வாங்கெல் பொறியிலே கதை வேறு. முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் ஒரு தகடு. அது கூட்டின் சுவரைத் தொடுவது ஒரே ஒரு கோட்டில். அந்தக் கோடும் நிலையாக இராது. சுழலி சுற்றச் சுற்றத் தகடு இப்படிச் சாயும், அப்படிச் சாயும். முனைத் தகடு போதாதென்று பக்கத் தகடுகள், இரண்டும் சந்திக்கும் மூலைக்கு ஒரு குமிழ். இத்தனை இணைப்பிலும் சந்து விழாமல், எரியும் வாயுவைப் பிடித்து வைக்க வேண்டும். தகடு இரும்பானால் சுவரைக் கீறுகிறது, கரியானால் உடைகிறது. அதற்கு எண்ணெய் வேண்டுமே! எரியும் அறைக்குள்ளேயே எண்ணெய் விட வேண்டியதாயிற்று. எண்ணெயும் எரிந்தது, புகையும் வந்தது.

அடுத்தது வெப்பம். பிஸ்டன் என்ஜினிலே குளிர்ந்த கலவை நுழைவதும் அது எரிவதும் ஒரே சிலிண்டரில். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வந்து சரிக்கட்டிக்கொள்ளும். சுழல் பொறியிலே கூட்டின் ஒரு பக்கம் எப்போதும் அடுப்பு, மறுபக்கம் எப்போதும் திண்ணை! கூடு கோணாமல் என்ன செய்யும்? எரியும் இடமோ நீண்டு தட்டையாய், ஓடிக்கொண்டே இருப்பது. சுவர்ப் பரப்பு அதிகம், வெப்பம் சுவரிலே போகிறது. நெருப்பு எட்டாத கடைசி மூலையிலே பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது. பாகம் குறைந்தது என்று மகிழ்ந்தோமே, பெட்ரோல் செலவு குறைந்ததா? கூடியது!

இத்தனையும் தீரும் முன்பே, 1967-இல் என்.எஸ்.யூ. ரோ 80 காரைச் சந்தைக்கு அனுப்பியது. 1968-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதும் வந்தது. பின்னாலேயே பழுதும் வந்தது. உத்தரவாதத்தின் பேரில் என்ஜின் மாற்றி மாற்றிக் கொடுத்துக் கம்பெனி தள்ளாடியது. எதிரெதிரே வரும் ரோ 80 ஓட்டுநர்கள் விரலைக் காட்டிக்கொள்வார்களாம், இது எத்தனையாவது என்ஜின் என்று! 1969-இல் அந்தக் கம்பெனி போக்ஸ்வாகனின் கைக்குள் போனது. ஐந்து கோடி டாலர் கொடுத்து உரிமை வாங்க 1970-இல் ஒப்பந்தம் செய்த ஜெனரல் மோட்டார்ஸ், ஒரு சுழல் பொறிக் காரைக்கூட விற்காமலே கைகழுவியது. சித்ரோன் கம்பெனியோ, விற்ற கார்களையே திரும்ப வாங்கி நொறுக்கியது.

விடாப்பிடியாக நின்றது ஜப்பானின் மாஸ்டா. கென்இச்சி யாமமோட்டோவும் அவருடன் சேர்த்து 47 பொறியாளர்களும் இராப்பகலாய் உழைத்தார்கள். கூட்டின் சுவரில் விழுந்த அலை அலையான கீறல்களுக்குச் 'சைத்தானின் நகக்கீறல்' என்றே பேர் வைத்தார்கள். தகட்டின் அதிர்வுதான் காரணம் என்று கண்டுபிடித்து, கரியும் அலுமினியமும் கலந்த தகடு செய்து, 1967-இல் காஸ்மோ காரை ஓட விட்டார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோல் குடிக்கும் காரை யார் வாங்குவார்? விற்பனை சரிந்தது, வங்கி வந்து தாங்க வேண்டியிருந்தது. தொழிற்சாலைத் தொழிலாளர்களைக் கார் விற்கும் கடைகளுக்கு அனுப்பினார்கள்! வரைபடம் போட்டவரின் கனவுக்கு, ஸ்பானர் பிடித்தவன் தெருவிலே நின்று விலை கூவினான். இந்தப் பகுதியை நாம் இரண்டு தடவை படித்தோம்.

ஆஸ்திரேலியாவிலே ரால்ப் சாரிச் என்பவர், 1972-இல் வேறொரு சுற்றுப்பாதைப் பொறியைக் காட்டினார். அங்கேயும் சந்தை அடைப்பதும் சூட்டைத் தணிப்பதுமே தகராறு. பொறி கைவிடப்பட்டது. ஆனால் அந்த ஆராய்ச்சியிலே பிறந்த எரிபொருள் பீச்சும் முறை பிழைத்துக்கொண்டது, பிஸ்டன் என்ஜினுக்குள்ளே! 2007-இல் பஜாஜின் டூ ஸ்ட்ரோக் ஆட்டோ ரிக்‌ஷாவிலும் அது ஏறியது.

மாஸ்டாவின் உழைப்பு வீண் என்று நாம் சொல்ல மாட்டோம். 1991-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது நான்கு சுழலி கொண்ட அதன் கார். ஆனால் பந்தயக்காரன் பெட்ரோல் காசைக் கணக்குப் பார்ப்பவன் அல்லன். ஓட்டம் முடிந்ததும் என்ஜினைப் பிரித்துவிடுவான். வீட்டுக்காரர் வாங்கும் ஆர்எக்ஸ்-8 கார் 2012-இல் நின்றது. 2023-இல் சுழல் பொறி மீண்டும் வந்தது, சக்கரத்தைச் சுழற்ற அல்ல, மின்சாரக் காரின் பாட்டரிக்கு மின்சாரம் தர. ஒற்றைச் சுழலி, சின்ன இடம், தனக்குத் தோதான வேகத்திலே ஓட்டம். அந்த வேலைக்கு அது பொருந்துகிறது. அதற்காகச் செய்த மாற்றங்களில் ஒன்று, முனைத் தகட்டை 2 மில்லிமீட்டரிலிருந்து 2.5 மில்லிமீட்டராகத் தடிப்பாக்கியது.