அடுக்களை அறம்

குடிக்கூலிக்கு வீடு விடுவோர் கூரையையும் கிணற்றையும் காட்டுவர். அடுக்களையின் காப்பைப் பேசுவோர் அரியர். திருகோணமலைத் துறைமுகத்தை நாடிவந்து வாடகை வீடுகளில் வாழ்வோர் பலர்க்கு இன்று எரிவாயுவே சோறு சமைக்கின்றது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையெங்கும் எரிவாயு வெடிப்புகள் நிகழ்ந்தபோது, வாயுக்கலவையின் மாற்றமே காரணமென அரசு அமைத்த குழு உரைத்தது. கலவை வீட்டுக்காரர் கையில் இல்லை. குழாயும் சாளரமும் அவர் கையில் உள்ளன. காற்றினும் கனத்த அவ்வாயு கசிந்தால் தரையிலே தங்கும். ஆதலின் சுவரின் அடியிலும் காற்றுவழி வேண்டும். இங்கிலாந்தின் 1998ஆம் ஆண்டு விதிகள், வீட்டுக்காரர் தம் எரிவாயுக் கருவிகளை ஆண்டுதோறும் தகுதியுடையாரைக் கொண்டு சோதித்து, 28 நாளுள் அச்சான்றைக் குடியிருப்போர் கையிற் கொடுக்கப் பணிக்கின்றன. சட்டம் பணித்தாற்றான் செய்வோம் என்றிருத்தல் அறமாமோ? சாவியைக் கொடுக்கும் கை, அச்சமின்மையையும் சேர்த்துக் கொடுப்பதாக.