சொல்லக் கூசும் நோய்

அட்டன், நுவரெலியாப் பகுதிகளில் பொழுது புலருமுன்னரே லயங்களில் அடுப்பு எரியத் தொடங்கிவிடுகிறது. ரொட்டி சுட வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்த வேண்டும். கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட வேண்டும். பிரட்டுக்குப் பிந்தாமல் மலையேற வேண்டும். இத்தனை அலுவல்களுக்கிடையே கொழுந்து பறிக்கும் தாயொருத்தி தள்ளிப்போடுவது ஒன்றே ஒன்று: தன் காலைக்கடன்.

“பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று அவள் புறப்படுகிறாள். கொழுந்து மலையிலோ, பல இடங்களில் ஒதுங்கத் தக்க கழிப்பிடம் இல்லை. லயத்துக்கு இறங்கி வந்து மீள நேரமில்லை. கொழுந்தின் நிறை குறைந்தால் கூலி குறையுமே என்ற அச்சம் வேறு. ஆகவே அடக்கிக்கொள்கிறாள். தண்ணீர் குடித்தால் ஒதுங்க நேரிடுமே என்று தாகத்தையும் அடக்கிக்கொள்கிறாள். இவ்வாறு நாள்தோறும் அடக்குவதன் பயன் மலச்சிக்கல். அதன் பின்னே வருவது இரத்தம்.

மலம் இறுகுவது எவ்வாறு?

உண்ட உணவின் சக்கை பெருங்குடலை அடையும்போது நீர்த்தன்மையுடன் இருக்கிறது. பெருங்குடல் அந்நீரைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொள்கிறது. சக்கை அங்கே தங்கும் நேரம் நீள நீள, அது வறண்டு இறுகும். காலை உணவு வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் அசைவுற்று, தன் சுமையை வெளியே தள்ள முயல்கிறது. அந்த உந்துதலைப் பன்முறை அடக்கினால், நாளடைவில் அவ்வுணர்வே மங்கிப்போகும்.

நாளுக்கொரு முறை போகாவிட்டால் நோய் என்று எண்ணுவதும் தவறு. நாளுக்கு மூன்று முறை போவதும் இயல்பு. வாரத்துக்கு மூன்று முறை போவதும் சிலருக்கு இயல்பே. அதற்கும் குறைந்தாலோ, மலம் கட்டிகட்டியாக இறுகி முக்கி வருந்திக் கழிக்க நேர்ந்தாலோ, அதையே மலச்சிக்கல் என்கிறோம்.

இதில் உணவுக்கும் பெரும்பங்குண்டு. தோட்டங்களில் பெரும்பாலும் உண்ணப்படுவது கோதுமை மா ரொட்டியும் சம்பலும். வெள்ளை மாவில் தவிடு நீக்கப்பட்டிருப்பதால் நார்ச்சத்து மிகக் குறைவு. நார்தான் நீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்குகிறது. ஆபிரிக்காவில் பல்லாண்டுகள் பணியாற்றிய அறுவை வைத்தியர் டெனிஸ் பர்கிட், நார் மிகுந்த உணவை உண்ட கிராம மக்களிடம் மலச்சிக்கல் அரிதாயிருப்பதைக் கண்டு, 1970ஆம் ஆண்டுகளில் உலகுக்கு எடுத்துரைத்தார். நுவரெலியாவில் விளையும் கரட்டும் கோவாவும் லீக்ஸும் லொறி லொறியாகக் கொழும்புக்கு இறங்குகின்றன. அந்த மலையிலேயே வாழும் தொழிலாளியின் தட்டிலோ அவை அருமையாகவே காணப்படுகின்றன. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள அவ்வூரின் குளிரில் தாகமும் எளிதில் தோன்றுவதில்லை.

இரத்தம் எங்கிருந்து வருகிறது?

இறுகிய மலம் ஆசனவாயின் மெல்லிய தோலைக் கீறிவிடுவதுண்டு. இதுவே ஆசனவாய் வெடிப்பு. கத்தியால் அறுத்தாற்போன்ற வலியும் சிறிதளவு செந்நிற இரத்தமும் இதன் அடையாளங்கள். வலிக்கு அஞ்சி மலத்தை அடக்கினால், அது மேலும் இறுகி வெடிப்பை மேலும் கிழிக்கும். மற்றது மூலம். முக்குவதால் ஆசனவாயின் உட்புறத்து இரத்தநாளங்கள் வீங்கி, பெரும்பாலும் வலியின்றியே இரத்தம் சொட்டும். கருவுற்ற தாய்மாருக்கு இவ்விரு தொல்லைகளும் எளிதில் ஏற்படும்.

நம்மவர் இதனைச் “சூடு” என்று சொல்லி ஒதுக்கிவிடுகின்றனர். நடுங்கும் குளிரிலும் சூடுதான் காரணமாம்! சிறிது சிறிதாகப் போனாலும், மாதக்கணக்கில் போகும் இரத்தம் உடலின் இரும்புச்சத்தைக் கரைத்து சோகையை உண்டாக்கும். மேடேறும்போது மூச்சு வாங்குவதும் தலை சுற்றுவதும் வெறும் களைப்பென்று விட்டுவிடத் தக்கவையல்ல. உணவோடு சேர்த்துத் தேநீர் அருந்தினால் உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வது குறையும். ஆகவே ஒரு மணி நேரம் கழித்து அருந்துவது நன்று.

எப்போது அஞ்ச வேண்டும்?

இரத்தம் கருஞ்சிவப்பாக மலத்தோடு கலந்து வருதல், மலம் தார்போலக் கறுத்தல், காரணமின்றி மெலிதல், மலப்பழக்கம் மாறி வாரக்கணக்கில் நீடித்தல், குடும்பத்தில் எவருக்கேனும் குடற்புற்றுநோய் இருந்திருத்தல் ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும் தாமதியாது வைத்தியரிடம் செல்ல வேண்டும். நாற்பது வயதைக் கடந்தோர், மூலந்தான் என்று தாமே முடிவுகட்டலாகாது. குடற்புற்றுநோயும் இவ்வாறே தொடங்கக்கூடும். காலத்தோடு கண்டறிந்தால் குணப்படுத்தவும் கூடும். இரும்பு மாத்திரையும் மலத்தைக் கறுக்கச் செய்யும், இறுகவும் செய்யும். அதனை நீங்களே நிறுத்திவிடாமல் வைத்தியரிடம் கூறுங்கள். இரத்தம் மிகுதியாகப் போய் மயக்கம் வந்தால், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

செய்ய வேண்டியவை

கீரை, பருப்பு, கடலை, குரக்கன், கொய்யா, பப்பாசி ஆகியவற்றைச் சிறிது சிறிதாக உணவில் கூட்டுக. நாரைக் கூட்டி நீரைக் கூட்டாவிட்டால் தொல்லை மிகும். ஆகையால் மலைக்குப் போகும்போது போத்தலில் தண்ணீர் தவறாது இருக்கட்டும். காலை உணவுக்குப் பின் பத்து நிமிடங்களையேனும் உங்களுக்கென ஒதுக்குங்கள். முக்க வேண்டாம். வெடிப்பு, மூலம் உள்ளவர்கள் இளஞ்சூடான நீரில் பத்துப் பதினைந்து நிமிடங்கள் அமர்ந்தால் வலி தணியும். கடும் பேதி மருந்துகளை, முக்கியமாகக் கர்ப்பிணிகள், தாமாக உண்ணலாகாது. சுவரொட்டியைப் பார்த்து, “ஒரே ஊசியில் மூலம் போகும்” என்போரை நாடிச் செல்லுதலும் ஆகாது.

நுவரெலியாவிலும் டிக்கோயாவிலும் அரசினர் வைத்தியசாலைகள் உண்டு, சிகிச்சை இலவசம். வைத்தியரிடம் சொல்லக் கூசும் பெண், குடும்பநல மாதுவிடமேனும் சொல்லலாம். நாள்தோறும் இத்தகைய நோய்களைக் காண்பவர்களுக்கு இதில் வியப்புமில்லை, ஏளனமுமில்லை.

ஆயினும் பழியெல்லாம் அந்தத் தாயின் மேலல்ல. கொழுந்து மலைக்கருகில் ஒரு கழிப்பிடமும் குடிக்க நல்ல தண்ணீரும் இருந்தால், பாதி மருந்து வேண்டியதில்லை. அதைக் கேட்டுப் பெறுவது வெட்கத்துக்குரிய காரியமன்று, தொழிலாளியின் உரிமை.